விதையில் மருந்து கலப்பதற்கு முன் மண்ணைக் கிளறிப் பாருங்கள்

கேள்வி: நிலக்கடலை விதைத்துப் பத்து நாட்களாகியும் வரிசையில் ஆங்காங்கே முளைப்பு இல்லை. முளைத்து வந்த செடிகளிலும் சில திடீரென வாடிச் சாய்கின்றன. விதையோடு பூஞ்சைக்கொல்லி கலந்து விதைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு, எப்படிக் கலப்பது? ரைசோபியம் என்ற தழைச்சத்து பாக்டீரியாவையும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையையும் அதோடு சேர்த்துப் போடலாமா? மருந்து கலந்து மிஞ்சிய விதையைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. எத்தனை முறை கழுவினாலும் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மருந்தின் பெயருக்குப் போவதற்கு முன் ஒரு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு, முளைக்காத இடத்தில் உட்கார்ந்து மண்ணை மெதுவாகக் கிளறிப் பாருங்கள். அங்கே விதையே இல்லையென்றால் எறும்போ பறவையோ அணிலோ எடுத்துப் போயிருக்கிறது. பருப்பு உள்ளே குடையப்பட்டிருந்தால் கரையானையோ புழுவையோ தேட வேண்டும். விதை கல்லுப்போல அப்படியே கிடந்தால் ஈரம் போதவில்லை. இந்த மூன்றுக்கும் பூஞ்சைக்கொல்லியால் ஒரு பயனும் இல்லை. பருப்பு கூழாகி, அதன் மேல் புகைக்கரி தூவியதுபோலக் கறுப்புத் தூள் படிந்திருந்தால் அது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை. மஞ்சள் கலந்த பச்சைத் தூளாக இருந்தால் அதன் உறவான ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். வாடிய செடியையும் பிடுங்கிப் பாருங்கள். மண்ணை ஒட்டிய கழுத்துப் பகுதி நைந்து, இழுத்தவுடன் ஒடிந்து, அங்கேயும் அதே கறுப்புத் தூள் இருந்தால் கழுத்தழுகல் நோய் என்று உறுதியாகச் சொல்லலாம். வெப்பமும் வறட்சியும் சேர்ந்த நாட்களில், முதல் ஒரு மாதத்துக்குள் செடியைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். தண்டின் அடியில் வெள்ளை நூல்போலப் பூசணம் படர்ந்து, கடுகு மணி போன்ற சிறு உருண்டைகள் இருந்தால் அது தண்டழுகல். மண்ணில் நெடுங்காலம் தங்கியிருந்து பெரும்பாலும் வளர்ந்த செடியைத் தாக்கும் நோய் அது. விதைநேர்த்தி, அதாவது விதைப்பதற்கு முன் விதையில் மருந்து கலப்பது மட்டும் அதை நிறுத்தாது.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நோய்க்கிருமி விதையின் மேல் இருக்கிறதா, விதைக்குள் இருக்கிறதா, மண்ணில் காத்திருக்கிறதா என்ற கேள்விக்கு விடை தெரிந்தால் மருந்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. தெரியாமல் எந்தத் தூளைக் கலந்தாலும் குருட்டாம்போக்குதான். நல்ல மருந்தைப் பொருந்தாத நோய்க்குப் போட்டுவிட்டு மருந்தே போலி என்று வருந்துபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

விதையின் மேல் ஒட்டிக்கொண்டு வருவதுதான் எளிதான எதிரி. கோதுமையில் வரும் ஒரு வகைக் கரிப்பூட்டை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். மணி வெளியே ஏறக்குறைய நல்ல மணிபோலவே இருக்கும். நகத்தால் நசுக்கினால் உள்ளே மாவுக்குப் பதில் கறுப்புத் தூள் கொட்டும், அழுகிய மீனின் நாற்றம் வீசும். கதிரடிக்கும்போது இப்படிப்பட்ட மணி ஒன்று உடைந்தால் போதும், பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்களான வித்துகள் இலட்சக்கணக்கில் பறந்து பக்கத்திலுள்ள நல்ல மணிகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கறுப்புத் தூள்தான் நோயைப் பரப்புகிறது என்று 1755-இல் பிரான்சின் மாத்தியூ தில்லே சோதனை வயல்களில் நிரூபித்தார். அவர் நாணயச் சாலை அதிகாரி. சுண்ணாம்பும் உப்பும் கொண்டு விதையை நேர்த்தி செய்தால் நோய் குறைகிறது என்றும் காட்டினார். அந்தப் பூஞ்சைக்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது, தில்லேசியா. 1807-இல் பெனடிக்ட் பிரெவோ அந்தத் தூள் உயிருள்ள வித்து என்றும், அது முளைத்துப் பயிருக்குள் நுழைகிறது என்றும், செம்பு கலந்த நீரில் அது முளைப்பதில்லை என்றும் கண்டறிந்தார். செம்பு உப்பான மயில்துத்தத்தின் கரைசலில் விதையை நனைக்கும் முறை அங்கிருந்து வந்ததுதான். நோய்களுக்கு நுண்ணுயிரிகள் காரணம் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்வதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, ஒரு கோதுமை மணியை வைத்து அதைச் சொன்ன மனிதர் அவர். விதைநேர்த்தியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது.

இப்படி மேலே ஒட்டியிருக்கும் வித்துகளுக்குத் தொடு மருந்தே போதும். திரம், கேப்டான், மேங்கோசெப் ஆகியவை அந்த வகை. அவை விதைக்குள் போவதில்லை. தோலின் மேல் போர்வைபோல இருந்து, தொட்ட வித்தைக் கொல்லும்.

விதைக்குள் இருக்கும் பூஞ்சையின் கதை வேறு. கோதுமையிலேயே கதிர் முழுவதும் கரித்தூளாகி, காற்றில் பறந்துபோய் வெறும் காம்பு மட்டும் நிற்கும் இன்னொரு கரிப்பூட்டை உண்டு. அந்தத் தூள் பக்கத்துச் செடியின் பூவில் விழுந்து, சூலில் முளைத்து, உருவாகிக்கொண்டிருக்கும் மணியின் கருவுக்குள் படுத்துக்கொள்ளும். அந்த மணி பார்க்க அழகாக இருக்கும், முளைக்கவும் செய்யும். செடி வளர வளரப் பூஞ்சையும் கூடவே வளர்ந்து அடுத்த கதிரைக் கரியாக்கும். திரம் போன்ற தொடு மருந்தை எவ்வளவு பூசினாலும் இதைத் தொட முடியாது. 1880-களில் டென்மார்க்கின் யென்சன் வெந்நீர் முறையைக் கொண்டுவந்தார். முதலில் சில மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பூஞ்சையை உறக்கத்திலிருந்து எழுப்பி, பிறகு ஏறக்குறைய 52 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் அளவுக்கு வைப்பது அந்த முறை. சூடு ஓரிரு டிகிரி குறைந்தால் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும், ஓரிரு டிகிரி கூடினால் கரு வெந்துவிடும். இந்தக் கத்திமுனை நடையிலிருந்து உழவர்களை விடுவித்தது 1960-களில் வந்த கார்பாக்சின். விதையின் வழியாக உள்ளே ஊடுருவி, கருவுக்குள் இருக்கும் கரிப்பூட்டைப் பூஞ்சையின் சுவாசத்தை அடைத்துக் கொல்லும் மருந்து அது. பின்னர் டெபுகோனசோல் போன்றவையும் வந்தன.

மூன்றாவது, மண்ணில் காத்திருப்பது. நாற்றங்காலில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகள் திட்டுத் திட்டாகச் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல இளைத்து, மேலே இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று படுத்துவிடும். இதற்குக் காரணமான பித்தியம் உண்மையான பூஞ்சை அல்ல, பாசிகளுக்கு நெருங்கிய இனம். கம்பு, சோளம், மக்காச்சோளத்தில் அடிச்சாம்பல் நோயைத் தருபவையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. எல்லோருக்கும் தெரிந்த கார்பென்டாசிம் இவற்றை ஒன்றும் செய்யாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கார்பென்டாசிம் கலந்தும் நாற்று அழுகுகிறதே என்று கேட்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இதற்கு 1970-களின் கடைசியில் வந்த மெட்டலாக்சில் வகை மருந்து வேண்டும். விதைநேர்த்திக்கென்றே வரும் 35 சதவீத மெட்டலாக்சில் தூளைக் கிலோ விதைக்கு 6 கிராம் என்ற அளவில் அடிச்சாம்பல் நோய்க்குப் பரிந்துரைக்கிறார்கள். திரமும் கேப்டானும் பித்தியத்தை ஓரளவு தடுக்கும். நாற்றங்காலில் தண்ணீர் தேங்கினாலோ விதையை நெருக்கமாகத் தூவினாலோ எந்த மருந்தும் கைகொடுக்காது.

இப்போது உங்கள் நிலக்கடலை. கறுப்புத் தூள் பூஞ்சை விதையோடும் வரும், மண்ணிலும் இருக்கும். ஆகவே தோலைக் காக்கும் தொடு மருந்தும், உள்ளே சிறிது தூரம் ஊடுருவும் மருந்தும் சேர்ந்த கலவையே என் முதல் தேர்வு. கார்பாக்சினும் திரமும் தலா 37.5 சதவீதம் கலந்து விதைநேர்த்திக்கென்றே வரும் தூள் இருக்கிறது. கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் போதும். அது கிடைக்காவிட்டால் திரம் மட்டும் கிலோவுக்கு 3 முதல் 4 கிராம். கார்பென்டாசிம் கிலோவுக்கு 2 கிராம் என்பதும் பழைய பரிந்துரைதான். ஆனால் சில நாடுகளில் அதற்குத் தடை இருக்கிறது, ஒரே மருந்தையே ஆண்டுதோறும் போட்டால் பூஞ்சை பழகிவிடும் தொல்லையும் உண்டு. எந்த மருந்தானாலும் உங்கள் பயிருக்கு அது அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பொட்டலத்தின் மேல் படித்துவிட்டு வாங்குங்கள். நான் சொன்ன அளவும் பொட்டலத்திலுள்ள அளவும் வேறுபட்டால் பொட்டலத்தில் உள்ளதையே பின்பற்றுங்கள். மருந்தின் செறிவு ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும்.

அளவை நிறுத்துப் போடுங்கள். கிலோவுக்கு 3 கிராம் என்றால் 50 கிலோ விதைக்கு 150 கிராம். கைப்பிடியோ தீப்பெட்டியோ கரண்டியோ அளவாகாது, ஒவ்வொரு தூளின் அடர்த்தியும் வேறு. கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்ற எண்ணம் விதையைக் கெடுக்கும். டெபுகோனசோல் போன்ற மருந்துகள் பூஞ்சையைத் தடுப்பதோடு முளையின் வளர்ச்சியையும் சற்றே கட்டுப்படுத்துபவை. தானியப் பயிர்களில் இளம் முளையை மூடி மண்ணைத் துளைத்து வரும் முளையுறை குட்டையாகிவிடும். அந்த விதையை ஆழமாகவும் விதைத்துவிட்டால் முளை மண்ணைப் பிளந்து மேலே வரவே திணறும்.

கலக்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. விதைக் குவியலின் மேல் தூளைக் கொட்டி மண்வெட்டியால் இரண்டு புரட்டுப் புரட்டினால் பாதி விதையில் மருந்தே இருக்காது, கால்வாசியில் இரண்டு மடங்கு இருக்கும். மருந்து படாத விதை அழுகும், அதிகம் பட்ட விதை முளைக்கத் தயங்கும். வரிசையில் மீண்டும் இடைவெளிதான். மூடியுள்ள உருளை டிரம், அல்லது கனமான பாலித்தீன் பை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், விதை புரள இடம் வேண்டும். தூளைச் சிறிது நீரில் குழைத்துக் கூழாக்குங்கள். தானிய விதைக்குக் கிலோவுக்கு 5 மில்லி நீர் போதும். நிலக்கடலைக்கு அதையும்விடக் குறைவாக, தூள் ஒட்டும் அளவுக்கு மட்டும். பருப்பின் மேலுள்ள சிவப்புத் தோல் நனைந்து ஊதினால் கையில் உரிந்து வந்துவிடும். அந்தத் தோல்தான் பருப்புக்குக் கவசம், தோல் கிழிந்த பருப்புதான் பூஞ்சை முதலில் நுழையும் வாசல். எனவே காயை உடைக்கும்போதே தோல் கிழிந்தவற்றையும், சுருங்கியவற்றையும், பிளந்தவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். எந்த மருந்தையும்விட இந்தப் பொறுக்கல் பெரிது என்பது என் எண்ணம்.

டிரம்மை ஐந்து நிமிடம் அவசரமில்லாமல் உருட்டுங்கள். பிறகு கையுறையோடு பத்து விதைகளை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே நிறம், ஒரே கனம் இருந்தால் நிறுத்தலாம். ஒன்று செக்கச் சிவந்தும் இன்னொன்று வெளுத்தும் இருந்தால் இன்னும் உருட்ட வேண்டும். பிறகு நிழலில் பரப்பி உலரவிடுங்கள். வெயிலில் வேண்டாம். விதைப்பதற்கு ஒரு நாள் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. இலைமேல் தெளிக்கச் செய்த தூளைவிட விதைநேர்த்திக்கென்று செய்த தூள் நன்றாக ஒட்டும், கையாளும்போது உதிர்ந்து மூக்கில் ஏறாது.

முழு விதையிலும் கலப்பதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கச் சொல்வேன். நூறு விதையை மருந்தோடும் நூறு விதையை மருந்தில்லாமலும் தனித்தனி ஈரத்துணியில் சுருட்டி வைத்து, பத்து நாள் கழித்து முளைத்தவற்றை எண்ணுங்கள். மருந்து கலந்தது தெளிவாக முந்தினால் பூஞ்சை விதையிலேயே இருந்திருக்கிறது, நேர்த்தி உங்களுக்குக் கைகொடுக்கும். இரண்டுமே மோசமென்றால் விதைக்கு உயிரில்லை. செத்த விதையை எழுப்பும் மருந்து உலகில் இல்லை, விதையை மாற்றுங்கள். மருந்து கலந்தது பின்தங்கினால் அளவு கூடிவிட்டது. இரண்டும் நன்றாக முளைத்தும் வயலில் மட்டும் இடைவெளி விழுந்தால் கோளாறு மண்ணிலோ ஈரத்திலோ ஆழத்திலோ இருக்கிறது. செலவில்லாத சோதனை இது, செய்பவர்கள்தான் குறைவு.

ரைசோபியம், டிரைக்கோடெர்மா பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சை என்பதை மறக்க வேண்டாம். நோய்ப் பூஞ்சையை வளைத்துச் சுற்றித் தின்னும் நல்ல பூஞ்சை அது. கார்பென்டாசிம் போட்ட விதையில் அதையும் போட்டால், காவலுக்கு வந்தவனைத் திருடனோடு சேர்த்து அடித்ததாகிவிடும். ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். போன முறை நோய் இலேசாக இருந்து, மண்ணில் மக்கிய உரம் நிறைய இருந்தால் டிரைக்கோடெர்மா விரிடி கிலோ விதைக்கு 4 கிராம் என்று தொடங்கலாம். அதன் மேல் ரைசோபியமும் போடலாம், இரண்டுக்கும் பகையில்லை. இடைவெளி பெரிதாக விழுந்து விதைப்பு வீணான நிலத்துக்கு இந்த முறை பூஞ்சைக்கொல்லியே வேண்டும் என்பது என் கருத்து.

பூஞ்சைக்கொல்லியோடு ரைசோபியம் போடுவதென்றால் வரிசை முக்கியம். முதலில் பூஞ்சைக்கொல்லி. பூச்சிமருந்து தேவையென்றால் அது இரண்டாவது. ரைசோபியம் எப்போதும் கடைசி. பூஞ்சைக்கொல்லி கலந்து ஒரு நாள் விட்டு, விதைக்கும் நாளன்று ஆறிய கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதைமேல் படியவிட்டு, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி, தாமதிக்காமல் விதையுங்கள். இவ்வளவு செய்தாலும் கொஞ்சம் ரைசோபியம் சாகத்தான் செய்யும். கேப்டான் அதற்குக் கொடியது, திரம் ஒப்பீட்டளவில் சாது. இதைத் தவிர்க்க ரைசோபியத்தை விதையில் பூசாமல் மக்கிய தொழுவுரத்தோடு கலந்து மண்ணில் இடுவதும் நல்ல வழி.

நெல் விதைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முளைகட்டி விதைக்கும் நெல்லுக்கு உலர் தூளைவிட ஈர நேர்த்தி பொருந்தும். கிலோ விதைக்கு ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் கார்பென்டாசிம் கரைத்துப் பத்து மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு முளைகட்டுவார்கள். நாற்றுப் பருவத்தில் வரும் குலைநோயிலிருந்து இது காப்பு. வடித்த நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றக் கூடாது.

விதைநேர்த்தியின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அது பயிருக்குத் தரும் காவல் சில வாரங்களுக்குத்தான். பிறகு வரும் இலைப்புள்ளிக்கோ துருநோய்க்கோ அது பொறுப்பாகாது. ஆனால் அந்தச் சில வாரக் காவலை மிகக் குறைந்த மருந்தில் தருகிறது. ஒரு ஹெக்டேருக்கு 100 கிலோ விதை, கிலோவுக்கு 2.5 கிராம் என்று கணக்கிட்டால் மொத்தம் 250 கிராம் தூள். மேங்கோசெப்பை வயல் முழுவதும் ஒருமுறை தெளிப்பதற்கே ஹெக்டேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகும். அதற்காகத்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

உடல் பாதுகாப்பில் ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. மதுப் பழக்கத்தை நிறுத்த மருத்துவர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராமும் திரமும் வேதியியலில் நெருங்கிய உறவு. திரம் கலந்த கையோடு, தூளைச் சுவாசித்த உடம்போடு மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வரலாம். அன்றும் அடுத்த சில நாட்களும் மதுவைத் தொடாமல் இருக்க வேண்டும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளும் கோழிகளும் வராத இடத்தில் வேலையைச் செய்யுங்கள்.

இனி, மிஞ்சிய விதை. 1971-இன் இறுதியில் ஈராக்கில் வறட்சிக்குப் பின் உழவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த விதைக் கோதுமையும் பார்லியும் வழங்கப்பட்டன. பூஞ்சைக்காக அதில் மெத்தில் பாதரசம் கலந்திருந்தது. எச்சரிக்கைக்காகச் சிவப்புச் சாயமும் சேர்த்திருந்தார்கள். மூட்டையின் மேலிருந்த எச்சரிக்கை அந்த மக்களுக்குத் தெரியாத ஸ்பானிய மொழியில் இருந்தது. பல ஊர்களுக்கு விதை வந்து சேரும்போது விதைப்பு முடிந்திருந்தது. மக்கள் விதையைக் கழுவினார்கள், சாயம் போனது, நஞ்சும் போய்விட்டது என்று நம்பினார்கள். சிலர் எச்சரிக்கையாகவே இருந்தார்கள், முதலில் கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள். கோழிக்குச் சில நாட்களில் ஒன்றும் ஆகவில்லை. மெத்தில் பாதரசம் வாரக்கணக்கில் மறைந்திருந்து பிறகுதான் நரம்பைத் தாக்கும். அதற்குள் வீடு வீடாக ரொட்டி சுட்டுத் தின்றிருந்தார்கள். 6,530 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், அங்கே 459 பேர் இறந்தார்கள். இதற்கு முன் 1950-களின் பிற்பாதியில் துருக்கியில் ஹெக்சாகுளோரோபென்சீன் கலந்த விதைக் கோதுமையைத் தின்று ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள், தாய்ப்பால் வழியாகக் கைக்குழந்தைகள் இறந்தன.

இன்றைய மருந்துகள் பாதரசம் அளவுக்குக் கொடியவை அல்ல. ஆனால் நிறம் போனால் நஞ்சு போனதாக நினைப்பது அதே தவறுதான். அவை விதையோடு ஒட்டி நிற்கவே செய்யப்பட்டவை, சில உள்ளேயே இறங்கிவிடும். எனவே அடுத்த நாள் விதைக்கப் போகும் அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள். மழை வந்து விதைப்பு தள்ளிப்போனால், மிஞ்சியதை உணவுத் தானிய மூட்டைகளோடு சேர்க்காமல் தனிப் பையில் கட்டி, உங்கள் மொழியில் பெரிய எழுத்தில் ‘நஞ்சு கலந்த விதை’ என்று எழுதி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய மண்டையோட்டுப் படமும் வரைந்து, பூட்டிய இடத்தில் வையுங்கள். விதைத்து முடித்ததும் சிந்திக் கிடக்கும் விதைகளை மண்ணால் மூடிவிடுங்கள், பறவைகள் பொறுக்கும். காலிப் பையைக் கழுவி வேறு எதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள், தானியம் அள்ளவும் வேண்டாம்.